பீடத்தில் என்னை நினையுங்கள்

(கல்லறைத் திருநாளையொட்டி தருமபுரியில் நடந்த கூட்டத்தில் பேசியது)

பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

நவம்பர் 2 நெருங்கினால் நம் கல்லறைத் தோட்டங்களில் புல் வெட்டுவதும் சுண்ணாம்பு அடிப்பதும் ஆரம்பித்துவிடும். கோவிலூரோ எலத்தகிரியோ, பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள் எப்படியாவது வந்துவிடுவார்கள். சாமந்தி மாலை, மெழுகுவத்தி, சாம்பிராணி, பூசை முடிந்து சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பது, எல்லாம் எனக்கு மிகவும் பிடித்தவை. இறந்தவர்களுக்கு நாம் உண்மையில் என்ன செய்ய முடியும் என்று யோசிக்கும்போது எனக்கு நினைவுக்கு வருகிறவர் மோனிக்கா.

திருச்சபையின் பெரிய ஆசிரியரான புனித அகுஸ்தினாரின் தாய் அவர். வட ஆப்பிரிக்காவில், தன் ஊர் வழக்கப்படி, விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளின் கல்லறைக்குக் கூழும் ரொட்டியும் திராட்சை இரசமும் கூடையில் கொண்டுபோவார். கூழ்தான், மகனே அப்படி எழுதிவைத்திருக்கிறார். படையல் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் கூடை அந்நியமில்லை. மகனோடு இருக்க இத்தாலியின் மிலானுக்கு வந்தபோதும் அதே போலப் போனார். வாசல்காவலர் தடுத்துவிட்டார். ஆயர் அம்புரோசியார் அந்த வழக்கத்தை நிறுத்தியிருந்தார்: குடிக்கிறவர்களுக்கு அது சாக்காகிவிடக் கூடாது, பழைய மதச் சடங்கு போலவும் ஆகிவிடக் கூடாது. மோனிக்கா கோபித்துக்கொள்ளவில்லை. அதன்பின் கல்லறைக்கு வேண்டுதலோடு மட்டும் போனார். கையில் இருந்ததை ஏழைகளுக்குக் கொடுத்தார்.

அப்புறம் கி.பி. 387இல், ஊர் திரும்பும் வழியில், ரோம் அருகே ஒஸ்தியா துறைமுகத்தில் காய்ச்சலில் படுத்தார். கணவருக்குப் பக்கத்திலேயே தனக்கும் இடம் பார்த்துவைத்திருந்தவர் அவர். சொந்த ஊரில் அடக்கம் ஆக வேண்டும் என்று எத்தனை வருடம் ஆசைப்பட்டிருப்பார்! ஆனால் பிள்ளைகளிடம் சொன்னது இதுதான்: இந்த உடம்பை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், அதற்காகக் கவலைப்படாதீர்கள், நீங்கள் எங்கே இருந்தாலும் ஆண்டவருடைய பீடத்தில் என்னை நினையுங்கள். பூசையில் எனக்காக வேண்டுங்கள் என்று அர்த்தம்.

கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட்டுக்குப் பேர்போனது. நம் கல்லறைகளிலும் அது பளபளக்கிறது. பெற்றவர்களுக்கு நல்ல கல் வைப்பது தப்பே இல்லை. நடுகல் நட்ட மண் இது. அதற்கும் முன்னால் மல்லச்சந்திரத்தில் இறந்தவர்களுக்குப் பெரிய பலகைக் கற்களால் கற்திட்டை எழுப்பிய மண். ஆனால் பக்கத்துக் கல்லறையைப் பார்த்து, கடன் வாங்கி உயரம் கூட்டுகிறோமே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பணத்தில் ஒரு ஏழைப் பிள்ளையின் படிப்பு நடக்கும். அதை அப்பா பெயரில் செய்யுங்கள்.

போரில் இறந்த தன் வீரர்களின் பாவம் தீர, யூதப் படைத்தலைவர் யூதா மக்கபே 2,000 வெள்ளித் திராக்மா திரட்டி எருசலேமுக்குப் பலிக்காக அனுப்பினார் என்று மக்கபேயர் இரண்டாம் நூலில் படிக்கிறோம். சீர்திருத்தத் திருச்சபையான சி.எஸ்.ஐ. சகோதரர்கள் அந்த நூலைத் திருமறையில் சேர்ப்பதில்லை. இறந்தவர்களின் வாழ்வுக்காக நன்றி சொல்வார்கள், உயிர்த்தெழுதலை நம்புவார்கள், அவர்களுடைய மீட்புக்காக வேண்டுவதில்லை. சரி, 500 வருடப் பேச்சு இது. இரண்டு பக்கமும் பெண் கொடுத்து எடுத்திருக்கிறோம். சாவு வீட்டில் நின்றுகொண்டு அதை வாதாட வேண்டாம்.

நவம்பர் 2ஐ ஏற்படுத்தியவர் பிரான்சின் குளூனி மடத்துத் தலைவர் ஒடிலோ, 998ஆம் ஆண்டு வாக்கில். தங்கள் மடத்தாரை மட்டுமல்ல, இறந்த விசுவாசிகள் எல்லாரையும் அன்று நினைக்கச் சொன்னார். முதல் உலகப் போரில் பிணங்கள் குவிந்துகொண்டிருந்த 1915இல், பதினைந்தாம் பெனடிக்ட் பாப்பரசர் அன்றைக்கு ஒவ்வொரு குருவும் மூன்று பூசை வைக்கலாம் என்று அனுமதித்தார். அதில் ஒன்று இறந்த விசுவாசிகள் அனைவருக்காகவும் இருக்க வேண்டும். நமக்கோ நம் வீட்டுக் கல்லறையைத் தாண்டிக் கண் போவதில்லை.

தோட்டத்து ஓரத்தில் சிலுவை சாய்ந்து, முள் மண்டிக் கிடக்கும் கல்லறைகள் உண்டு. குடும்பமே ஊரைவிட்டுப் போயிருக்கும். அது யாருடையது என்று இங்கே உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்களுக்குத் தெரியும். மற்ற பெயர்கள் பங்கின் அடக்கப் பதிவேட்டில் கிடைக்கும். ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகள் ஒரு நோட்டோடு பாட்டிமார்களைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வாருங்கள், நானும் வருகிறேன். எழுதி முடித்ததைச் சாமியாரிடம் கொடுத்துவிட்டால், நவம்பர் பூசையில் அந்தப் பெயர்களையும் வாசித்துவிடலாம்.