குறட்டை விட்டால் நல்ல தூக்கமா?

நேயர்களுக்கு வணக்கம்.

"அவருக்கென்ன டாக்டர், படுத்த உடனே குறட்டைதான், நிம்மதியாகத் தூங்குவார்." ரத்த அழுத்தத்துக்கு மருந்து வாங்க வரும் பலரின் மனைவிமார் இப்படிச் சொல்லக் கேட்கிறேன். அவரோ பக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். இரவெல்லாம் தூங்கியவருக்குக் காலை பத்து மணிக்கு ஏன் கொட்டாவி?

"குறட்டை நடுவில் நின்றுபோகுமா அம்மா?" என்று கேட்பேன். "ஆமாம், திடீரென்று சத்தமே இருக்காது. அப்புறம் திணறின மாதிரி மூச்சை இழுத்துப் புரண்டு படுப்பார்." கவனிக்க வேண்டியது அந்த இடைவெளியைத்தான். தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது. 10 நொடி, சிலருக்கு அரை நிமிடம்கூடக் காற்று போவதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை பதறிப்போய் உடம்பை எழுப்புகிறது. ரத்த அழுத்தம் எகிறுகிறது. ஒரு மணி நேரத்தில் 30 தடவைக்கு மேல் இப்படி நடப்பவர்கள் உண்டு. காலையில் அவர்களுக்கு எதுவும் நினைவிருக்காது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும்.

தூங்கும்போது ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். ரத்தக் குழாய்களுக்குக் கிடைக்கும் ஓய்வே அதுதான். வருடக்கணக்கில் அது கிடைக்காவிட்டால் குழாய்கள் கெடுகின்றன. சிலருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறி, உள்ளே ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக் குழாயை அடைக்கிறது. அதுதான் பக்கவாதம்.

2023இல் வெளியான, 32 நாடுகளில் சுமார் 4,500 பேரிடம் நடந்த ஆய்வில், 7 மணி நேரம் தூங்கியவர்களைவிட 5 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குப் பக்கவாத வாய்ப்பு சுமார் 3 மடங்காக இருந்தது. 9 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களுக்கும் 2 மடங்குக்கு மேல். தூக்கம் மட்டுமே காரணம் என்று இது நிரூபித்துவிடவில்லை. அதிகத் தூக்கம் வேறு நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆனாலும் அலட்சியம் செய்யக்கூடிய வித்தியாசமல்ல.

சரி, ஓ.எம்.ஆரில் இரவு ஷிப்ட் பார்ப்பவரிடமும், நள்ளிரவில் கோயம்பேட்டில் மூட்டை இறக்குபவரிடமும் "ஒன்பது மணிக்குப் படுங்கள்" என்று எப்படிச் சொல்வது? வீட்டிலுள்ளவர்களிடம்தான் கேட்டுக்கொள்கிறேன். அவர் பகலில் தூங்கும்போது ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். மிக்ஸியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். "பட்டப்பகலில் என்ன தூக்கம்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மூச்சு நின்று நின்று வருகிறதென்றால் போனில் ஒரு நிமிடம் பதிவுசெய்து மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கப் பரிசோதனை இருக்கிறது. தேவைப்பட்டால் மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி இருக்கிறது. எடை குறைப்பதும், மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பதும் பலருக்கு உதவும். மது இந்த அடைப்பை மோசமாக்கும்.

இன்னொன்று. பக்கவாதம் தூக்கத்திலேயே வந்துவிடுவதும் உண்டு. காலையில் எழும்போது வாய் கோணியிருந்தால், ஒரு கை தூக்க வரவில்லையென்றால், பேச்சு குழறினால், "தூக்கக் கலக்கம், காபி குடித்தால் சரியாகிவிடும்" என்று காத்திருக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூக்கத்தில் வந்ததென்றால் ஸ்கேன் பார்த்து முடிவுசெய்வார்கள். அதனால் கடைசியாக எத்தனை மணிக்கு அவர் நன்றாக இருந்தார், ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தாரா, அப்போது தெளிவாகப் பேசினாரா என்பதை மருத்துவமனையில் முதலில் சொல்லுங்கள்.