வீடு வாங்கும் முன் சர்வே: யாரை வைப்பது, எவ்வளவு கொடுப்பது

வணக்கம் நேயர்களே. இங்கிலாந்தில் வீடு வாங்கப் போகிற நம் ஆட்கள் ஒரு கட்டட சர்வேயரான என்னிடம் அடிக்கடி சொல்வது இது: "சர்வே எல்லாம் முடிஞ்சுது அண்ணை, பாங்க் ஆளே வந்து பார்த்திட்டுப் போயிட்டார்."

சர்வே என்பது வீட்டில் என்ன குறை இருக்கிறது என்று வாங்குகிற உங்களுக்காகப் பார்த்துச் சொல்வது. பாங்க் ஆள் பார்த்தது விலை மதிப்பீடு. நாளைக்கு நீங்கள் தவணை கட்டாமல் விட்டால், வீட்டை விற்றுத் தன் காசை எடுக்கலாமா என்று வங்கி பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். சில நேரம் ஆளே வருவதில்லை. பக்கத்து வீடுகள் என்ன விலைக்குப் போயின என்று கணினியில் பார்த்தே மதிப்புப் போட்டுவிடுகிறார்கள்.

நோரிச் நகரில் நடந்த பழைய வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெண்மணி சாதாரணமான ஒரு வீட்டை வாங்கப் போனார். கடன் கொடுக்கும் நிறுவனத்துக்கு மதிப்பீட்டுக் கட்டணமாக 36 பவுண் 89 பென்ஸ் கட்டினார். பார்க்க வந்தவர், அவசியமான திருத்த வேலை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண்மணியும் அதை நம்பி, தனியாக யாரையும் வைத்துப் பார்க்காமல் வீட்டை வாங்கிவிட்டார். ஆனால் அந்த வீட்டின் மாடியறையில் புகைபோக்கியைத் தாங்கி அறைக்குள் துருத்தி நிற்கும் சுவரை முன்பே யாரோ இடித்து எடுத்திருந்தார்கள். மேலே மிஞ்சிய செங்கல் பாரத்துக்கு அடியில் சரியான முட்டு இருக்கிறதா என்று வந்தவர் பார்க்கவில்லை. சுமார் ஒன்றரை வருஷத்தில் அது சரிந்து, கூரையை உடைத்துக்கொண்டு படுக்கையறைக்குள் விழுந்தது.

1989-ல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அந்தப் பெண்மணி பக்கம் தீர்ப்புச் சொன்னது. சாதாரண வீடு வாங்குகிறவர் இந்த மதிப்பீட்டை நம்பித்தான் வாங்குவார் என்பது மதிப்பிட்டவருக்குத் தெரியும், ஆகவே அவருக்கும் பொறுப்பு உண்டு என்றது. சரி, நமக்கும் அது போதுமே என்று நினைக்காதீர்கள். வழக்காடி வென்றது கூரை விழுந்த பிறகு. அதோடு, வாடகைக்கு விடுவதற்காக வாங்கிய ஒருவருக்கு அதே பாதுகாப்பைத் தர 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விடும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புகைபோக்கிக் கதையை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. லண்டனில் ஈஸ்ட்ஹாமில் நூறு வருஷம் தாண்டிய வரிசை வீடுகள், ஹாரோவில் 1930-களின் இரட்டை வீடுகள்: நம் ஆட்கள் விரும்பி வாங்குவது இவற்றைத்தான். கிச்சனைப் பெரிதாக்க, முன்னறையையும் பின்னறையையும் ஒன்றாக்க, லாஃப்டில் அறை எடுக்க என்று யாரோ ஒருவர் இவற்றில் கை வைத்திருப்பார். புதுப் பெயின்டும் ஸ்பாட் லைட்டும் போட்டால் உங்களுக்கும் எனக்கும் ஒன்றும் தெரியாது. இடித்த இடத்தில் இரும்பு பீம் இருக்கிறதா, கவுன்சிலின் கட்டட விதிச் சான்றிதழ் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வீட்டுக்கு அடியில் லண்டன் களிமண் வேறு இருக்கிறது. கோடையில் காய்ந்தால் சுருங்கும், பக்கத்தில் பெரிய மரம் நின்றால் இன்னும் சுருங்கும். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுபோல ஏறும் வெடிப்பைப் பார்த்தால் அங்கேயே நின்று யோசியுங்கள்.

சர்வேயர்களின் தொழில் அமைப்பான ரிக்ஸின் (RICS) சர்வேகளில் லெவல் 1, 2, 3 என்று மூன்று தரம் உண்டு. லெவல் 1-ஐ மறந்துவிடலாம். பெரிய மாற்றம் எதுவும் செய்யாத, ஓரளவு புதிய வீட்டுக்கு லெவல் 2 போதும். பழைய வீடு, சுவர் இடித்த வீடு, கட்டி நீட்டிய வீடு என்றால் லெவல் 3 எடுங்கள். வீட்டின் விலையையும் இடத்தையும் பொறுத்து, லெவல் 2-க்கு நானூறு பவுணிலிருந்து எழுநூறு, எண்ணூறு வரை போகும். லெவல் 3 ஆயிரத்தைத் தாண்டுவது லண்டனில் சாதாரணம். விலை கேட்கும்போது வாட் வரி சேர்த்தா என்று கேளுங்கள். அரை மில்லியன் பவுண் கடன் எடுக்கத் தயங்காதவர்கள் இந்த முந்நூறு பவுண் வித்தியாசத்துக்கு ஏன் இப்படிப் பேரம் பேசுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை!

வீட்டை விற்கும் ஏஜென்ட் காட்டும் சர்வேயரைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டாம். ஏஜென்டுக்கு விற்பனை முடிய வேண்டும், உங்களுக்கு உண்மை தெரிய வேண்டும். நீங்களே இரண்டு மூன்று பேருக்குப் போன் எடுங்கள். அந்தப் பகுதி வீடுகளைத் தெரியுமா, வீட்டுக்குள் எத்தனை மணி நேரம் நிற்பீர்கள், லாஃப்டுக்குள் ஏறிப் பார்ப்பீர்களா, பார்த்து முடித்ததும் என்னோடு பேசுவீர்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு இழுத்துப் பதில் சொல்பவரை விட்டுவிடுங்கள்.

எப்போது காசு கட்டுவது? உங்கள் விலையை விற்பவர் ஏற்று, வங்கியின் மதிப்பீடும் சரிவந்த பிறகு கட்டினால் வீண் செலவு குறையும். ஆனால் நீங்களும் விற்பவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பரிமாறிக்கொள்வதற்கு (எக்ஸ்சேஞ்ச்) முன்பே ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பின்வாங்கினால், வழக்கமாகப் பத்து வீதமான முற்பணம் போய்விடும். ஸ்கொட்லாந்தில் இந்தத் தலையிடி குறைவு. 2008 டிசம்பரிலிருந்து அங்கே பொதுவாக விற்பவரே சர்வேயும் அடங்கிய ஹோம் ரிப்போர்ட் எடுத்து வைக்க வேண்டும்.

ரிப்போர்ட்டில், அவசரமாகக் கவனிக்க வேண்டியது என்பதற்கான சிவப்பு நிற 3-ஐக் கண்டதும் வீட்டையே விட்டுவிடாதீர்கள். பழைய மின்சார வேலைக்குச் சோதனைச் சான்று இல்லை என்றாலும் பல நேரம் சிவப்பு விழும். பார்க்கவில்லை என்று எழுதிய இடங்களையும் கவனியுங்கள். சர்வேயர் கார்பெட்டைக் கிளப்ப மாட்டார், பாரமான தளபாடங்களை நகர்த்த மாட்டார், வடிகாலுக்குள் கேமரா விட மாட்டார். அவற்றில் சந்தேகம் என்றால் அந்தந்த வேலை தெரிந்தவரைத் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் சிவப்பு விழுந்த வேலைக்கு ஒரு பில்டரிடம் எழுத்தில் செலவு மதிப்பீடு வாங்கி, ரிப்போர்ட்டின் அந்தப் பக்கத்தோடு சேர்த்து ஏஜென்டுக்கு அனுப்புங்கள். கூரை திருத்த எட்டாயிரம் பவுண் வேண்டும் என்று ஆதாரத்தோடு கேட்டால், முழுவதும் இல்லாவிட்டாலும் ஒரு பகுதியாவது விலையில் குறைய வாய்ப்பு உண்டு. குறைக்க மாட்டோம் என்றால், விலகுவதற்கு அப்போதும் உங்களுக்கு வழி இருக்கிறது.

நன்றி, வணக்கம்.