சம்பளம் போடத் தெரிந்தவர்கள்

அவையோருக்கு வணக்கம். அரசின் கணினித் திட்டம் ஒன்று இழுபறியில் சிக்கினால், மென்பொருள் எழுதியவர்கள் மீதே முதலில் பழி விழுகிறது. நான் பேச வந்தது அதற்கும் முந்தைய தவறைப் பற்றி: வேலை தெரிந்தவர்களைக் கேட்காமலே நாள் குறித்துவிடுவதைப் பற்றி.

கனடாவின் கூட்டரசு, தன் ஊழியர்கள் ஏறத்தாழ 2,90,000 பேருக்குச் சம்பளம் போடுவதற்காக 'பீனிக்ஸ்' என்ற மென்பொருளை 2016 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. துறைதோறும் இருந்த சம்பளப் பிரிவுப் பணியிடங்கள் பலவற்றை அதற்கு முன்பே நீக்கிவிட்டு, வேலையை மிராமிச்சி என்ற சிறு நகரின் மையம் ஒன்றில் குவித்திருந்தார்கள். ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சமாகும் என்ற கணக்கும் அந்தக் குறைப்பை நம்பியே போடப்பட்டது.

சம்பளப் பிரிவு எழுத்தர் ஒருவரின் மேசையைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஓர் ஊழியர் இரண்டு மாதம் மேல்பதவியின் பொறுப்பைப் பார்க்கிறார். இடையில் விடுப்பில் போகிறார். அதற்குள் ஊதிய ஒப்பந்தம் முன்தேதியிட்டு உயர்கிறது. இம்மூன்றையும் சேர்த்து நிலுவையைக் கணக்கிடும் பக்குவம் பல ஆண்டுகள் பழகிய கைக்கே வரும். அந்தக் கைகளை அனுப்பிவிட்டவர்கள், செலவும் காலமும் வரம்பை மீறக் கூடாது என்பதற்காக, முன்தேதியிட்ட ஊதியத்தைக் கணக்கிடும் வசதியையே பீனிக்ஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு துறையில் மட்டும் ஓட்டிப் பார்க்கும் முன்னோட்டத்தையும் கைவிட்டார்கள். என்னைப் பொறுத்தவரை, அந்த முன்னோட்டத்தைக் கைவிட்டதே மன்னிக்க முடியாத பிழை. சிலருக்குச் சம்பளம் குறைந்தது, சிலருக்குக் கூடியது, சிலருக்கு வரவே இல்லை. தலைமைத் தணிக்கையாளரின் 2018 அறிக்கை, இது திட்ட மேலாண்மையிலும் மேற்பார்வையிலும் நேர்ந்த, புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்றது.

புதிய மென்பொருளும் பழைய முறையும் சில மாதங்கள் சேர்ந்தே ஓடி, இரண்டின் சம்பளச் சீட்டும் ஒத்துவரும்வரை பழைய பிரிவைக் கலைக்கக் கூடாது என்பதை மென்பொருள் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அதற்கு ஆகும் செலவு, பிறகு பிழை திருத்த ஆகும் செலவுக்கு முன் ஒன்றுமே இல்லை.

வேலை தெரிந்தவர்களைக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. அமெரிக்காவில் 2013 அக்டோபர் 1 அன்று திறந்த அரசு மருத்துவக் காப்பீட்டு இணையதளத்தில் முதல் நாள் பதிவை முடித்தவர்கள் வெறும் 6 பேர். அதைச் சீராக்க வந்த குழு, தன் அன்றாடக் கூட்டத்துக்கு ஒரு விதி வைத்தது: பதவியில் பெரியவர் பேச வேண்டியதில்லை, சிக்கலை நன்கு அறிந்தவரே பேச வேண்டும். இரண்டே மாதங்களில் அந்தத் தளம் பெரும்பாலோருக்குப் பயன்படும் நிலைக்கு வந்தது.