அம்மா வீட்டுக்குப் போன பொண்ணுங்களை எப்படிக் கணக்குல சேர்க்கறது?

வணக்கம். பக்கத்துல வீடு கட்டறாங்க, நடுவுல சத்தம் வந்தா பொறுத்துக்கோங்க.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்கற ரெண்டு பிள்ளைங்க என்கிட்ட கேட்டாங்க: "தாய் சேய் ஆராய்ச்சியில டாக்டருக்கு வேலை இருக்கு, நர்ஸுக்கு வேலை இருக்கு. கணக்குப் போடறவங்களுக்கு இருபது வருஷத்துக்கு மேல அப்படி என்ன வேலை மேடம்?"

இந்தத் தாளைப் பாருங்க. பேர் எதுவும் எழுதாத வெறும் படிவம், அதனால தைரியமா காட்டறேன். கர்ப்பிணியா இருக்கறவங்களை முதல் தடவை பார்க்கறப்போ நிரப்பறது. இதுல மூணாவது வரி, தெரியுதா? "பிறந்த வீடு எந்த ஊர்?" இந்த வரி ஆரம்பத்துல கிடையாது. அது எப்படி வந்துச்சுன்னு சொன்னா என் வேலை என்னன்னு புரிஞ்சிடும்.

நான் எம்.எஸ்சி. முடிச்சுட்டுச் சேர்ந்தப்போ எங்க ப்ராஜெக்டுக்கு ஒரு வயசு கூட ஆகல. வயித்துல குழந்தை இருக்கறப்பவே அம்மாவைப் பதிவு பண்ணுவோம். பிறந்த மூணு நாளுக்குள்ள குழந்தையோட எடை, நீளம், தலைச்சுற்றளவு. அப்புறம் வருஷக்கணக்கா அதே குழந்தையைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கணும். இப்படித் தொடர்ந்து பார்க்கற குழந்தைங்க கூட்டத்தைத்தான் கோஹார்ட்னு சொல்றோம்.

முதல் வருஷ டேட்டாவை நான்தான் சுத்தம் பண்ணேன். பிறப்பு எடை இல்லாத பதிவுகளை எடுத்துட்டு மிச்சத்துக்கு சராசரி போட்டேன். நினைச்சதை விட நல்ல எடை வந்துச்சு. மீட்டிங்ல எல்லாருக்கும் சந்தோஷம். கடைசி வரிசையில இருந்த ஃபீல்டு அக்கா ஒருத்தங்க மட்டும் கைய தூக்கினாங்க. "மேடம், தலைச்சன் புள்ளைங்க எல்லாம் எங்க?"

எனக்குப் புரியல. அவங்களே சொன்னாங்க: "ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டுப் பொண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. தலைப்பிரசவம் அங்கதான். நாங்க இங்க வீட்டுக்குப் போனா பூட்டியிருக்கும், இல்லன்னா மாமியார் இருப்பாங்க. அந்தப் பதிவைத்தான் நீங்க எடுத்துட்டீங்க."

எனக்கு அப்படியே சில்லுன்னு ஆயிடுச்சு. ஏன்னா, தலைச்சன் குழந்தைங்க பொதுவா அடுத்தடுத்துப் பிறக்கற குழந்தைங்களை விட எடை கம்மியாத்தான் பிறக்கும். அவங்களை மொத்தமா வெளியே தள்ளிட்டா சராசரி தானா மேல ஏறிடும். ஊர்ல ஒரு குழந்தைக்குக் கூட எடை கூடல, என் கம்ப்யூட்டர்ல மட்டும் கூடியிருக்கு. அந்த எண்ணை வெச்சு யாராவது "இங்க சத்துணவுக்குப் பெருசா தேவையில்ல"ன்னு முடிவெடுத்திருந்தா?

அதுக்கப்புறம்தான் இந்த மூணாவது வரி வந்துச்சு. மூணாம் மாசமே அம்மா வீட்டு ஊர், தெரு, அங்க யார் கிட்ட போன் இருக்குன்னு எல்லாம் கேட்டு எழுதிடுவோம். தகவல் வந்தா ரெண்டு பேர் பஸ் ஏறிப் போவாங்க, எடை மெஷினைத் துணியில சுத்திக்கிட்டு. நானும் சில தடவை கூடப் போயிருக்கேன். நீளம் அளக்கற பலகையில ஒருத்தர் தலையைப் பிடிச்சுக்கணும், இன்னொருத்தர் முட்டியை மெதுவா அழுத்திக் காலை நீட்டணும். "பச்சப் புள்ள காலை இழுக்காதம்மா"ன்னு பாட்டி ஓடி வருவாங்க. எடை போட்டா கண்ணு பட்டுடும்னு பயப்படற வீடும் உண்டு. அங்கெல்லாம் அந்த அக்கா எண்ணை வாய்விட்டுச் சொல்லவே மாட்டாங்க. பார்த்துட்டு, பேசாம எழுதி, நோட்டைத் திருப்பி என்கிட்ட மட்டும் காட்டுவாங்க. குழந்தை உதைக்கறப்போ முள்ளு ஆடும், அது நிக்கற வரைக்கும் காத்திருப்பாங்க. அந்தக் காத்திருப்புதான் எனக்கு டேட்டாவா வந்து சேருது. இதைப் பார்க்காம அறையில உக்காந்து கணக்குப் போட்டிருந்தா நான் பாதி ஸ்டாட்டிஸ்டிஷியன்தான்.

சரி, எவ்வளவு அலைஞ்சாலும் எல்லாரையும் பிடிக்க முடியாதே. படிச்சவங்க உடனே சொல்வீங்க, வெயிட் போடலாம்னு. இது உடம்பு எடை இல்ல. பத்து தலைப்பிரசவத்துல நாலைத்தான் பார்க்க முடிஞ்சதுன்னு வெச்சுக்கோங்க, அந்த நாலு ஒவ்வொண்ணும் ரெண்டரை பேருக்காகப் பேசட்டும்னு கணக்குப் போடறது. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன்.

அந்த அக்கா கிட்ட மறுபடி போய்க் கேட்டேன், அம்மா வீட்டுக்குப் போகாம இங்கயே தலைப்பிரசவம் பார்த்துக்கிட்ட பொண்ணுங்க யாருன்னு. யோசிச்சு சொன்னாங்க: ஒருத்திக்கு அம்மா இல்ல. ஒருத்தி ஜாதி மாறிக் கட்டிக்கிட்டா, வீட்ல சேர்க்கல. இன்னொருத்தியோட அம்மா செங்கல் சூளையில வேலை, பார்த்துக்க ஆள் இல்ல. இப்போ சொல்லுங்க, இவங்களை அம்மா கையால சாப்பிட்டுட்டுப் பிரசவத்துக்குப் போற பொண்ணுங்களுக்காகப் பேசச் சொல்லலாமா? முடியாது. ஏன் போகலன்னு காரணத்தையும் கேட்டு எழுதி, அதையும் கணக்குக்குள்ள கொண்டு வரணும். அப்படித்தான் நாலாவது வரி வந்துச்சு. எந்தப் பாடத்துலயும் எனக்கு இதைச் சொல்லித் தரல.

வருஷம் ஏற ஏற, ஆள் விட்டுப்போற இந்தப் பிரச்சினை இன்னும் பெருசாகும். டெல்லி லஜ்பத் நகர்ல 1969-லேர்ந்து 1972 வரைக்கும் 8,181 குழந்தைங்களைப் பதிவு பண்ணாங்க. அவங்க 26 முதல் 32 வயசுல இருக்கறப்போ தேடிப் பிடிச்சுச் சோதிச்சது 1,526 பேரை. அதுல ஆண்கள் 886, பெண்கள் 640. பொண்ணுங்க கல்யாணமாகி வேற ஊருக்குப் போனா தேடறது எவ்வளவு கஷ்டம்னு எங்களுக்கு நல்லாத் தெரியும். நம்ம ஊர்ல இனிஷியல் கூட அப்பாவுதுலேர்ந்து வீட்டுக்காரருதா மாறிடும், பழைய பதிவோட சேர்க்கறதே ஒரு வாரம் எடுக்கும். நம்ம வேலூர்லயும் 1969 முதல் 1973 வரைக்கும் டவுன்லயும் கிராமங்கள்லயும் பிறந்த குழந்தைங்களைப் பதிவு பண்ணி, பெரியவங்களான பிறகு 2,218 பேரைத் திரும்பச் சோதிச்சாங்க. அதுக்குப் பின்னாடி எத்தனை படி ஏறி இறங்கியிருப்பாங்கன்னு நினைச்சா எனக்குக் கும்பிடத் தோணும்.

அந்த டெல்லி ஆய்வு 2004-ல வெளிவந்துச்சு. சர்க்கரை நோயோ அதுக்கு முந்தின நிலையோ வந்தவங்க, பொதுவா ரெண்டு வயசு வரைக்கும் மத்தவங்களை விட ஒல்லியா இருந்தவங்க. அப்புறம் உடம்பு வேகமா ஏறியிருக்கு. ஆனா 12 வயசுல அவங்கள்ல ஒருத்தர் கூடக் குண்டு இல்ல! அந்த வயசுல ஒரே ஒரு தடவை எடை பார்த்திருந்தா "நல்லாத்தான் இருக்கான்"னு அனுப்பியிருப்பாங்க. ரெண்டு வயசுல எங்க இருந்துச்சோ அதை வெச்சு 12-ல எங்க இருக்கணும்னு கணிச்சு, அதுக்கு மேல எவ்வளவு போச்சுன்னு பார்க்கறப்போதான் தெரிய வருது. அந்தக் கட்டுரையில கிளைவ் ஆஸ்மண்ட்னு இங்கிலாந்து சவுத்தாம்ப்டன் ஸ்டாட்டிஸ்டிஷியன் பேர் இருக்கும். குழந்தைப் பருவ எடைக்கும் பின்னாடி வர்ற இதய நோய்க்கும் இருக்கற தொடர்பைத் தேடின டாக்டர் டேவிட் பார்க்கரோட 1989 கட்டுரையிலயும், இங்கிலாந்து ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தைப் பத்தினது, அவர் பேர் இருக்கும். அது 1911 முதல் 1930 வரைக்கும் பிறந்த 5,654 ஆண்களைப் பத்தினது. அங்கயும் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாப் போய் நோட்டுல எழுதி வெச்ச எடைதான் ஆதாரம்.

இந்த வேலைக்கு என்ன படிக்கணும்னா, பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் எம்.எஸ்சி., ஆர் அல்லது ஸ்டேட்டாங்கற கணக்கு சாஃப்ட்வேர், திரும்பத் திரும்ப அளந்த டேட்டாவுக்கான மாடல்கள். சம்பளம் ஐடி அளவுக்கு வராது, ப்ராஜெக்ட் நிதி முடியறப்பெல்லாம் மனசு அடிச்சுக்கும். அதையும் தெரிஞ்சுக்கிட்டே வாங்க.

போன மாசம் ஒண்ணு நடந்துச்சு. எங்க கோஹார்ட்ல பிறந்த பொண்ணுக்கு இப்போ 22 வயசு. கட்டிக்கொடுத்தது ரொம்பத் தூரம், நாலு வருஷமா அளக்க முடியல. அந்த அக்கா இப்போ ரிட்டயர் ஆகப் போறாங்க, அவங்கதான் போன் பண்ணாங்க. "மேடம், வளைகாப்பு முடிஞ்சு பொண்ணு பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கு." அந்த அம்மா வீட்டுக் கதவுல நாங்க ப்ராஜெக்டுக்காக எழுதின பழைய நம்பர் இன்னும் அழியாம இருக்கு. நாளைக்குக் காலைல எடை மெஷினைச் சரிபார்த்து வைக்கணும்.