20-ஆம் தேதிக்குப் பிறகு

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் பதினொரு ஆண்டுகளாக ஆடிட்டராகத் தொழில் செய்துவருகிறேன். வேலை கழுத்தை நெரிக்கும் நாட்களில் தொழிலுக்கான படிப்பை எங்கே வைத்துக்கொள்வது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஆடிட்டர்களான நம் மாதம் எப்படிப் போகிறது என்று உங்களுக்கே தெரியும். 7-ஆம் தேதிக்குள் டி.டி.எஸ்., அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துவைத்த வருமான வரியை, கட்ட வேண்டும். 11-இல் ஜி.எஸ்.டி.ஆர்-1 என்ற விற்பனை விவர அறிக்கை, 15-இல் ஊழியர்களின் பி.எஃப்., 20-இல் ஜி.எஸ்.டி.ஆர்-3பி என்ற மாத வரி அறிக்கை. இவற்றோடு செப்டம்பர் 30-க்குள் வரித் தணிக்கை அறிக்கைகளும் சேர்ந்துகொண்டால், புதிதாக ஒரு சட்டப்பிரிவைப் படிக்க வேண்டும் என்ற எண்ணமே தள்ளிப்போய்விடுகிறது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் தள்ளிப்போட்டேன். அதனால் என் வாடிக்கையாளர் ஒருவருக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் (எச்) என்ற உட்பிரிவைச் சேர்த்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதுவும் 45 நாளைத் தாண்டாமல், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். தவறினால், பணத்தை எந்த ஆண்டில் உண்மையில் கொடுக்கிறோமோ அந்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் கழிக்க முடியும். 2023-24 நிதியாண்டின் கணக்குக்குத்தான் இது முதன்முதலாகப் பொருந்தியது. இதைப் பற்றிய கருத்தரங்கு ஒன்றுக்கு நான் போயிருந்தேன். வருகைப் பதிவில் கையெழுத்திட்டேன், தொழிலில் இருப்பவர்கள் தொடர்ந்து படிக்க வேண்டிய சி.பி.இ. மணிக்கணக்கும் ஏறியது. ஆனால் அலுவலகத்துக்குத் திரும்பி வந்து, என் வாடிக்கையாளர்களில் யார் யாருக்கு இது பொருந்தும் என்று ஒரு ஃபைலைக்கூட நான் பிரித்துப் பார்க்கவில்லை.

2024 செப்டம்பரில், ஒரு பனியன் கம்பெனியின் தணிக்கையில் உட்கார்ந்தபோதுதான் சாயப்பட்டறைக்கான 14 லட்சம் ரூபாய் பாக்கி என் கண்ணில் பட்டது. நவம்பர், டிசம்பர் மாதத்து பில்கள் மார்ச் 31 வரை கொடுபடாமல் இருந்தன. பட்டறையின் உத்யம் சான்றிதழில், அதாவது குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவுச் சான்றில், ‘சிறு நிறுவனம்’ என்று தெளிவாக அச்சாகியிருந்தது. கூட்டு நிறுவனத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ் என்று கணக்கிட்டால், அந்த ஆண்டில் கூடுதலாக 4,36,800 ரூபாய் வரி, வட்டி தனி. அடுத்த ஆண்டில் அந்தச் செலவைக் கழித்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான் என்றாலும், நூல் வாங்கக் கையில் இருக்க வேண்டிய பணம் வரியாகப் போய்விட்டது. “ஏனுங்க மேடம், மார்ச்சுலயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா பட்டறைக்குப் பணத்தக் கொடுத்திருப்பேனுங்களே” என்றார் அந்தக் கம்பெனியின் உரிமையாளர். மார்ச் 31-க்குள் கொடுத்திருந்தால், தாமதமாகியிருந்தாலும் அதே ஆண்டில் கழித்திருக்கலாம். அவரிடம் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை.

நம் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் நம்மிடம் கேட்பது அதிகமில்லை. தொழில் செய்யும் அறுபது வயதுக்குட்பட்ட உறுப்பினர் மூன்று காலண்டர் ஆண்டுகளில் 120 மணி நேரம் படித்திருக்க வேண்டும். அதில் பாதியாவது கருத்தரங்கு போன்ற முறைப்படியான அமர்வுகளாக இருக்க வேண்டும். வாரக் கணக்கில் பார்த்தால் இது சுமார் 46 நிமிடம்தான். ஆனால் டிசம்பர் மாதத்தில் குறைந்துபோன மணிகளை எல்லாம் மொத்தமாகச் சேர்க்க ஓடுவது, என் பார்வையில், படிப்பே அல்ல. அடுத்த நாள் காலையில் எந்த ஃபைலைத் திறக்க வேண்டும் என்று தெரியாமல் ஒரு கருத்தரங்கிலிருந்து வெளியே வந்தால், அங்கே செலவழித்த நேரம் போனதுதான்.

இப்போது என் காலண்டரில் 21-ஆம் தேதி முதல் அடுத்த மாதம் 6-ஆம் தேதி வரை வரும் செவ்வாய், வியாழக்கிழமைகளில் காலை ஆறரை முதல் ஏழேகால் வரை வேறு எதையும் வைப்பதில்லை. 7 முதல் 20 வரை படிக்க முயல்வதே இல்லை, அதற்காக வருந்துவதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையையும் தொடுவதில்லை, வீட்டாருக்கு உரிய நேரத்தைப் பிடுங்கித் தொடங்கும் பழக்கம் இரண்டு மாதம்கூட நிற்பதில்லை என்பதை நானே அனுபவித்திருக்கிறேன். அந்த முக்கால் மணி நேரத்தில் ஒரே ஒரு பிரிவு, அதோடு ஒரே ஒரு வாடிக்கையாளரின் லெட்ஜர், அவ்வளவுதான். சனிக்கிழமை மாலையில், அலுவலகத்தில் பயிற்சி பெறும் ஆர்ட்டிகிள் மாணவர்களில் ஒருவர் அதே பிரிவை எனக்கு விளக்க வேண்டும். அவர்கள் கேட்கும் கேள்விகளில்தான் எனக்குப் புரியாமல் விட்ட இடம் வெளியே வருகிறது.

வருமான வரிச் சட்டம், 2025 வந்தபோது இந்தப் பழக்கம் எனக்குப் பெரிதும் கைகொடுத்தது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு என்று இயற்றப்பட்ட இந்தச் சட்டத்தில் 536 பிரிவுகள் இருக்கின்றன. வருமானம் ஈட்டிய ‘முந்தைய ஆண்டு’, அதை மதிப்பிடும் ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்ற இரண்டும் போய், ‘வரி ஆண்டு’ என்ற ஒன்றே நிற்கிறது. 194சி, 194ஜே, 194-ஐ என்று நாம் தூக்கத்திலும் சொல்லக்கூடிய டி.டி.எஸ். பிரிவுகள் 393 என்ற ஒரே பிரிவின் அட்டவணைக்குள் வரிசைகளாகிவிட்டன. சம்பளத்துக்கு மட்டும் 392. இன்னொரு சிக்கலும் உண்டு. 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்குப் பழைய சட்டப்படியே கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருப்பதால், இரண்டு சட்டங்களையும் ஒரே நேரத்தில் மேசையில் வைத்துக்கொண்டு வேலை செய்தாக வேண்டும். இதற்காக நான் ஒரு நீளமான நோட்டு வைத்திருக்கிறேன்: இடப்பக்கம் பழைய பிரிவு, வலப்பக்கம் புதிய இடம், கீழே அந்தப் பிரிவு உண்மையில் பயன்படும் ஒரு வாடிக்கையாளரின் பெயர். பெயர் எழுத முடியாத பக்கத்தை இப்போதைக்குப் படிக்காமல் தாண்டிவிடுகிறேன். எல்லாவற்றையும் வரிசையாகப் படித்து முடிக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்ட பிறகுதான் நோட்டு நிரம்பத் தொடங்கியது.

இந்தச் செவ்வாய்க்கிழமைக்கு 393-இன் அட்டவணையில் உள்ள வாடகை வரிசையை எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு நிட்டிங் நிறுவனத்தின் குடோன் வாடகை மாதம் 48,000 ரூபாயிலிருந்து 52,000 ஆக உயரவிருக்கிறது, டி.டி.எஸ். பிடிப்பதற்கான மாத வரம்பு 50,000. அந்த நிறுவனத்தின் கணக்காளருக்கு இந்த முறை முன்கூட்டியே போன் செய்துவிடுவேன். அடுத்த காணொளியில் சந்திப்போம், நன்றி.