ஆத்தங்குடிக் கல்லும் அரை லிட்டர் ஆசிட்டும்

நடுவர் அவர்களே, எதிரணிப் பெரியவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

'வீட்டைத் துப்புரவாக வைக்கக் கைகொடுப்பது கடைச் சரக்கா, கைச் சரக்கா?' என்பது தலைப்பு. நான் கைச் சரக்கு அணி. எனக்கு முன்னால் பேசிய அக்கா, "புளியோடும் பூந்திக்கொட்டையோடும் மல்லுக்கட்ட யாருக்கு நேரம் இருக்கிறது?" என்று கேட்டார். என் வீட்டு முகப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

தரை ஆத்தங்குடிக் கல். ஒரு பொங்கலுக்கு முன்னால் கறை போகட்டும் என்று அரை லிட்டர் ஆசிட் வாங்கி ஊற்றினேன். நுரைத்துக்கொண்டு வந்தது. அழுக்குப் போகிறது என்று சந்தோஷப்பட்டேன். போனது அழுக்கில்லை நடுவர் அவர்களே, கல்! நான்கு கல் வெளுத்துவிட்டது. அப்புறம்தான் விசாரித்தேன். கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல் அது. சூளையே காணாதது. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. சிமெண்டை அமிலம் தின்றுவிடும். எங்கள் ஆயா அந்தத் தரையை வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது துணியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்ப்பார், அவ்வளவுதான். கைச் சரக்குதானே என்று எலுமிச்சைச் சாற்றை ஊற்றினாலும் கல்லுக்குக் கெடுதல்தான். அதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அதே புளிப்பு பித்தளைக்கு மருந்து. கல்யாணத்துக்குச் சாமான் பரப்புகிற வீட்டில் குடமும் குத்துவிளக்கும் எப்படி மின்னுகின்றன? புளியில் இருக்கிற அமிலம் கறுத்த படலத்தைக் கரைக்கிறது, உப்பு தேய்த்து எடுக்கிறது. எதை எதில் போட வேண்டும் என்பது விளக்குகிற கைக்குத் தெரிந்திருந்தது. பாட்டிலை வாங்கிய எனக்குத் தெரியவில்லை. என் கட்சியே இதுதான்.

நேரத்துக்கு வருகிறேன். பூந்திக்கொட்டை பதினைந்தை உடைத்து விதையை எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவே ஊறப் போடுங்கள். காலையில் இட்லி வேகிற நேரம் அடுப்பில் வைத்து, ஆறியதும் பிசைந்து வடிகட்டினால் முடிந்தது. தானாக நுரைக்கும். நகை செய்கிற பத்தர்கள் தங்கத்தையே இதில்தான் கழுவினார்கள். குளிர்ப்பெட்டியில் ஒரு வாரம் இருக்கும், வெளியே வைத்தால் புளித்துவிடும். இதையும் நேராக ஊரணியில் கொட்டாதீர்கள், மீனுக்கு ஆகாது. கொல்லை மண்ணில் ஊற்றுங்கள்.

அடுத்தது, வாளித் தண்ணீரில் கலந்து துடைக்கிற தோல் கரைசல், பழத்தோலைப் புளிக்கவைத்து எடுப்பது. அதற்கு வெல்லம் 100 கிராம், நார்த்தங்காய் அல்லது எலுமிச்சைத் தோல் 300 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். பிளாஸ்டிக் டப்பாவில் மேலே கொஞ்சம் இடம் விட்டு மூடி, 3 மாதம் வைக்க வேண்டும். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விடுங்கள். மறந்தால் டப்பா உப்பி வெடிக்கும்.

எதிரணித் தம்பி, "ஆப்ப சோடாவும் வினிகரும் கலந்தால் எப்படிப் பொங்குகிறது பாருங்கள், அதையே கடையில் வாங்கினால் என்ன?" என்றார். தம்பி, அந்தப் பொங்கலில் ஒன்று மற்றதைத் தீர்த்துவிடுகிறது. மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். தனித்தனியாகப் பயன்படுத்தினால்தான் இரண்டும் வேலை செய்யும்.

கிருமி சாகுமா என்றும் கேட்டார்கள். சரி, நியாயமான கேள்வி. வீட்டில் வயிற்றுப்போக்கு கண்டவர் இருந்தால் ப்ளீச்சிங் பவுடரை அளவாகக் கரைத்துப் போடுங்கள், நான் தடுக்கவில்லை. தினசரி அழுக்குக்கு நுரையும் தேய்ப்பும் நல்ல தண்ணீரும் போதும். ஆனால் கழிப்பறையில் ஒருவர் ஆசிட் ஊற்ற, அது தெரியாமல் இன்னொருவர் மேலே ப்ளீச்சிங் பவுடர் தூவினால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சின்ன அறையில் அது நெஞ்சை அடைக்கும், உயிருக்கே ஆபத்து. இரண்டும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, ஆச்சிமார்களே. இன்றைக்கு ராத்திரியே வீட்டுக்குப் போய்ப் பிரித்து வையுங்கள்.

மணி அடித்துவிட்டார்கள். அக்கா, 3 மாதம் முன்னால் போட்ட நார்த்தங்காய்த் தோல் கரைசலை நேற்றுதான் வடித்தேன். உங்களுக்கு ஒரு பாட்டில் கொண்டுவந்திருக்கிறேன். ஒரு வாளித் தண்ணீருக்கு இரண்டு மூடி. ஆத்தங்குடிக் கல்லில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.