தவளையின் நரம்பு எதைச் சொல்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். மனசில் ஓடுவதெல்லாம் மூளையில் நடக்கும் வேலைதான், அதற்கு அப்பால் ஆவி எதுவும் கிடையாது என்பது பௌதிகவாதம். எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் ஒவ்வொரு எண்ணமும் ஏதோ ஒன்றைப் பற்றியதாக இருக்கிறதே, அந்தப் 'பற்றி' நரம்புக்குள் எப்படி வந்தது?

1959-ல் வெளியான ஓர் ஆய்வு. லெட்வின், மாத்துரானா, மக்கலக், பிட்ஸ் என்ற ஆய்வாளர்கள் நால்வரும் தவளையின் பார்வை நரம்பில் மின்முனை வைத்துப் பதிவு செய்தார்கள். தவளை வாழும் இடத்தின் புல்லும் பூவும் தெரிகிற பெரிய வண்ணப்படத்தை 7 அங்குலத் தூரத்தில் ஆட்டிக் காட்டினார்கள். ஒருவகை நரம்பிழையில் மின்துடிப்பே இல்லை. படத்தின்மேல் ஈ அளவுப் பொருள் ஒன்றைக் காந்தத்தால் நிறுத்தி, அதை மட்டும் நகர்த்தியதும் படபடவென்று துடித்தது. அந்தப் பொருளின் அளவு பார்வைக் கோணத்தில் 1 பாகை. அந்தத் தூரத்தில் சுமார் 3 மில்லிமீட்டர். அதையே படத்தோடு பொருத்திச் சேர்த்து ஆட்டினால் துடிப்பு நின்றுபோயிற்று.

அந்தத் துடிப்புக்கு என்ன பொருள்? ஈயா, இரையா, நகரும் சின்னக் கறுப்பா?

எது துடிக்கவைக்கிறதோ அதுதான் பொருள் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். அங்கேதான் சறுக்குகிறது. ஈ அளவுக் கறுப்புக் குண்டை உருட்டிவிட்டாலும் நரம்பு துடிக்கும், தவளையும் கவ்வும். அப்போது பொருள் 'ஈ அல்லது குண்டு' என்றாகி, தவளை ஏமாறவே வழியில்லாமல் போகும். இருட்டில் கயிற்றைப் பாம்பென்று பதறியவரும் சரியாகத்தான் கண்டார் என்று சொல்லவேண்டிவரும். கயிற்றரவு நம் வேதாந்திகளுக்குப் பழகிய உவமை. மனதை விளக்க வருகிற எவரும் அந்தப் பிழைக்கு இடம்வைத்தே தீரவேண்டும்.

1984-ல் தத்துவவாதி ரூத் மில்லிகன் வேறு வழி காட்டினார். இதயம் சத்தமும் போடுகிறது, ரத்தமும் இறைக்கிறது. அது தலைமுறை தலைமுறையாக நிலைத்தது இறைப்பதால். அதுபோலத் துடிப்பை வாங்கி வேலைசெய்யும் பகுதிகளைப் பாருங்கள் என்றார். மூதாதைத் தவளைகளைப் பிழைக்கவைத்தது சாப்பாடு. ஆகவே பொருள் இரை. குண்டைக் கவ்வியது பிழை.

இன்னொரு தத்துவவாதி ஜெர்ரி ஃபோடர் இதை மறுத்தார். குளத்தில் நகர்ந்த சின்னக் கறுப்பெல்லாம் ஈயாகவே இருந்திருந்தால், இயற்கைத் தேர்வு இரண்டையும் எப்படிப் பிரிக்கும்? வலுவான கேள்விதான். ஆனாலும் கறுப்பு நிறம் வயிற்றை நிரப்பாது என்பதால் நான் மில்லிகன் பக்கம் சாய்கிறேன்.

மனித மூளையிலும் இதே சிக்கல் உண்டு. முகங்களைக் கண்டால் கூடுதலாக இயங்கும் பகுதி ஒன்றை 1997-ல் மூளை ஆய்வாளர் கான்விஷரின் குழு விவரித்தது. 2000-ல் கோத்தியே குழு, கார் நிபுணர்களுக்குக் காரைக் காட்டினாலும் அப்பகுதி கூடுதலாக இயங்குவதைக் காட்டியது. அது முகத்தைக் குறிக்கிறதா, பழகிய கண் நுணுக்கமாகப் பிரித்தறியும் எதையுமா? ஸ்கேனில் தெரியும் ஒளிப்புள்ளியை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. அங்கிருந்து போகும் செய்தியை மூளையின் எந்தப் பகுதி, எதற்காக எடுத்துக்கொள்கிறது என்று தேடவேண்டும்.